இரண்டு கரண்டி சோறு, ஒரு கரண்டி மக்ரோனி



பிள்ளைகள் அமெரிக்காவில் வேலை பார்க்கும் வாசகர்கள் அவ்வப்போது எழுதிக் கேட்கிறார்கள். இந்த விடுமுறைக்கு ஹவாய்க்கு அழைத்துப் போகிறார்கள், அங்கே எதைப் பார்ப்பது, எதைச் சாப்பிடுவது என்று. பார்ப்பதற்கு என் துணை வேண்டியதில்லை. எரிமலையும் கடலும் தாமாகவே கண்ணில் படும். சாப்பாட்டைப் பற்றி மட்டும் இந்தப் பக்கம் முழுக்கச் சொல்லிவிட ஆசை. விடுதியில் தங்கி, விடுதியிலேயே சாப்பிட்டு, படங்களோடு ஊர் திரும்பியவர்கள் பலரைத் தெரியும். மதிய நேரத்தில் உள்ளூர்க்காரர்கள் எங்கே வரிசையில் நிற்கிறார்கள் என்பதை அவர்கள் பார்க்கவே இல்லை. அந்த வருத்தம் உங்களுக்கு வரக் கூடாது.

ஹொனலுலுவில் வைக்கீக்கிக் கடற்கரை ஹோட்டல்களை விட்டு வெளியே வந்து, கபஹுலு அவென்யூவில் நடந்தால் ரெயின்போ டிரைவ் இன் வரும். ஒரு ஜன்னலில் வேண்டியதைச் சொல்லிக் காசு கொடுத்து, அடுத்த ஜன்னலில் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு, வெளியே போட்டிருக்கும் மேசைகளில் இடம் பிடிக்க வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் கவலையில்லை, கபியோலானி பூங்கா பக்கத்தில்தான். அலைச்சறுக்குப் பலகையைக் காரின் மேல் கட்டிக்கொண்டு வந்த இளைஞர், கட்டட வேலையின் தூசு படிந்த பூட்ஸோடு வந்தவர், பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்திருக்கும் பாட்டி என்று வரிசை நீளும். 1961இல் செய்ஜு இஃபுகுவும் அவர் மனைவி அயாகோவும் தொடங்கிய கடை இது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் 100வது காலாட்படை பட்டாலியனில் சமையல்காரராக இருந்தவர் இஃபுகு. பசியோடு வரும் கூட்டத்துக்கு வயிறு நிறையச் சமைப்பது அவருக்குப் பழகிய வேலை.

அங்கே நீங்கள் கேட்க வேண்டியது பிளேட் லஞ்ச். ஐஸ்கிரீம் எடுக்கும் கரண்டியால் இரண்டு உருண்டை சோறு வைப்பார்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் குட்டை அரிசி. பக்கத்தில் அதே கரண்டியால் ஓர் உருண்டை மக்ரோனி சாலட். மக்ரோனியை நன்றாகக் குழைய வேகவைத்து, மயோனைஸில் பிசறி, ஆறவைத்துக் குளிரூட்டியது. மிச்ச இடமெல்லாம் கறி. சோயா சாஸில் ஊறி வெந்த மாட்டிறைச்சி, எலும்பில்லாத கோழி, மாவில் தோய்த்துப் பொரித்த மஹிமஹி மீன். மூன்றும் வேண்டுமென்றால் மிக்ஸ் பிளேட். எல்லாவற்றின் மேலும் பழுப்பு நிறக் கிரேவியை ஊற்றச் சொல்லிக் கேட்பவர்கள் அங்கே நிறைய. நீங்களும் தயங்காமல் கேளுங்கள்.

சோற்றோடு மக்ரோனியா என்று முதல் தடவை யாருக்கும் தோன்றும். நாலு வாய் உள்ளே போனதும் விளங்கிவிடும். கறியின் உப்பும் இனிப்பும் நாக்கில் ஏறும்போது, குளுகுளுவென்று லேசான புளிப்போடு ஒரு வாய் வேண்டியிருக்கிறது. நம் சாப்பாட்டில் காரக்குழம்புக்குப் பின் தயிர் செய்யும் வேலையை அங்கே அந்த மக்ரோனி செய்கிறது. எனக்கு அந்தத் தட்டிலேயே மிகவும் பிடித்தது, கிரேவி வழிந்துபோய் மக்ரோனியும் சோறும் சேர்ந்துகொள்ளும் அந்த ஓரம்தான்.

ஜப்பானியச் சோறு, அமெரிக்க மக்ரோனி, கொரிய விலா எலும்புக் கறி, பிலிப்பினோ அடோபோ, போர்ச்சுகீசியத் தொத்திறைச்சி எல்லாம் ஒரே தட்டில் எப்படி வந்து உட்கார்ந்தன? கரும்புதான் காரணம். 1835இல் கவாய் தீவின் கோலோவா என்ற ஊரில் லாட் அண்ட் கம்பெனி கரும்புத் தோட்டம் போட்டது. அந்தத் தொழில் வளர வளரக் கூலிக்கு ஆள் தேடிக் கப்பல்கள் போயின. வெளியிலிருந்து வந்த நோய்களால் ஹவாய்ப் பூர்வகுடிகள் கொத்துக்கொத்தாக மடிந்துகொண்டிருந்த காலம் அது. 1852இல் சீனர்கள் வந்தார்கள். 1868இல் ஜப்பானியரின் முதல் கூட்டம் வந்தது, 1885க்குப் பின் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 1878 முதல் மதீரா, அசோர்ஸ் தீவுகளிலிருந்து போர்ச்சுகீசியர். 1900இல் ஒகினாவாவிலிருந்தும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் வந்தவர்கள். 1903இல் கொரியர்கள், 1906இல் பிலிப்பினோக்கள். தோட்டத்தில் ஒவ்வொருவரும் அணிய வேண்டிய உலோக வில்லையில் ஓர் எண் இருக்கும். கங்காணிக்கும் கணக்கருக்கும் அந்த எண்தான் ஆளின் பெயர்.

இந்தக் கதை நமக்குப் புதிதில்லை. அதே நூற்றாண்டில்தான் நம்மவர்களை இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் கொண்டுபோனார்கள். 1860இல் மதராஸிலிருந்து டுரூரோ கப்பல் டர்பனுக்குப் போனதும் கரும்புக்காகத்தான்.

ஹவாய்த் தோட்டத்து ஆட்கள் விடியுமுன்னே கிளம்பும்போது கையில் ஒரு தூக்கு இருக்கும். காவ்காவ் டின் என்பார்கள். காவ்காவ் என்றால் அங்கே சாப்பாடு. இரண்டடுக்கு. கீழடுக்கில் சோறு, மேலடுக்கில் தொட்டுக்கொள்ள வீட்டில் இருந்தது எதுவோ அது. கருவாடு, ஊறுகாய், முந்தின நாள் கறி. நண்பகலில் கரும்பு நிழலில் வட்டமாக உட்கார்ந்து மேலடுக்குகளை நடுவில் வைப்பார்கள். ஜப்பானியர் தூக்கிலிருந்து கொரியர் எடுத்தார், கொரியரின் கிம்ச்சியைப் பிலிப்பினோ எடுத்தார். பிளேட் லஞ்சின் பூர்வீகத்தைக் கேட்டால் ஹவாயில் பெரியவர்கள் இந்த வட்டத்தைத்தான் காட்டுகிறார்கள்.

ஆனால் இதை ஓர் இனிய ஒற்றுமைக் கதையாக மட்டும் சொல்லி நகர எனக்கு மனமில்லை. முதலாளிகள் அவர்களை இனவாரியாகத் தனித்தனிக் குடியிருப்புகளில் வைத்தார்கள். ஒரே வேலைக்கு ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு கூலி கொடுத்தார்கள். ஓர் இனம் வேலைநிறுத்தம் செய்தால் இன்னோர் இனத்தை வைத்து முறிக்கலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கு பலமுறை பலித்தது. 1920இல் ஓவாஹு தீவில் பிலிப்பினோக்களும் ஜப்பானியரும் சேர்ந்து வேலையை நிறுத்தியபோது முதலாளிகள் அவர்களது குடும்பங்களை வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள். கடைசியில் 1946இல்தான் எல்லா இனத்தாரும் ஒரே தொழிற்சங்கத்தின் கீழ் நின்றார்கள். சுமார் 26,000 தொழிலாளர்கள், 79 நாள். அந்த 79 நாளும் கூலி கிடையாது. சங்கம் பொதுச் சமையற்கூடங்களைத் திறந்தது. ஒரு குழு கடலுக்கு மீன் பிடிக்கப் போனது, ஒரு குழு வேட்டைக்குப் போனது, ஒரு குழு காய்கறி பயிரிட்டது. எல்லா இனத்துப் பிள்ளைகளும் அந்த அடுப்புகளில் வெந்ததைச் சாப்பிட்டார்கள். தோட்டத்து நண்பகல் வட்டத்தைவிட இந்த வேலைநிறுத்த அடுப்புகள்தான் என் மனத்தை அதிகம் தொடுகின்றன. அங்கே பகிர்ந்துகொள்வது ஒரு தீர்மானமாக இருந்தது.

தோட்டத்துத் தூக்குச் சாப்பாடு நகரத்துக்கும் வந்தது. அங்கே துறைமுகத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் வண்டியில் சாப்பாடு கொண்டுபோய் விற்றவர்கள், பிறகு சின்னச் சின்னக் கடைகளாக ஊன்றினார்கள். அவற்றில் ஒரு கடையின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஹவாய்ப் பெருந்தீவில் ஹீலோ என்ற மழைபெய்யும் கடலோர நகரம். இத்தாலியில் போரிட்டுத் திரும்பிய ரிச்சர்ட் மியாஷிரோ 1946 தொடக்கத்தில் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தார். அவரும் 100வது பட்டாலியன்காரர். ஹவாயில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிப் பிள்ளைகளைக் கொண்ட படை அது. பெற்றோரின் நாட்டோடு அமெரிக்கா போரிட்ட காலத்தில், தங்கள் விசுவாசத்தை உயிரைக் கொடுத்து நிரூபிக்க வேண்டியிருந்தவர்கள். அத்தனை பேர் காயம்பட்டதால், காயம்பட்டோருக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தின் பெயரே அந்தப் படைக்குப் பட்டப்பெயரானது. திரும்பி வராத தோழர்களின் நினைவாக மியாஷிரோ தன் கடைக்கு கஃபே 100 என்று பெயர் வைத்தார்.

மூன்றே மாதம். 1946 ஏப்ரல் 1 காலை, அலூஷியன் தீவுகளுக்கு அருகே கடலுக்கடியில் நேர்ந்த நிலநடுக்கம் ஹீலோவுக்குச் சுனாமியை அனுப்பியது. ஹவாய் முழுவதும் 159 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் ஹீலோவில். கடையும் போனது. மியாஷிரோ மறுபடி கட்டினார். பல ஆண்டு உழைத்து, 1960இல் பெரிதாக ஒரு புதிய இடத்துக்கு மாறினார். மாறிய சில வாரங்களிலேயே, மே 23 அன்று, சிலியில் தோன்றிய சுனாமி ஹீலோவைத் தாக்கியது. ஊரில் 61 பேர் இறந்தார்கள். கடை இரண்டாம் முறையாகப் போனது. கடலூரிலும் நாகையிலும் மட்டக்களப்பிலும் இதைப் படிப்பவர்களுக்கு மேலே நான் விளக்க வேண்டியதில்லை. 1962இல், கடலிலிருந்து தள்ளி, கிலாவேயா அவென்யூவில் அவர் மூன்றாவதாகத் திறந்த கடைதான் இன்றும் இருக்கிறது.

அங்கே கேட்க வேண்டியது லோக்கோ மோக்கோ. அது பிறந்த ஊரே ஹீலோதான். 1949இல் லிங்கன் கிரில் என்ற கடைக்கு விளையாட்டுச் சங்கத்துப் பையன்கள் சிலர் வந்து, சாண்ட்விச் அலுத்துவிட்டது, குறைந்த காசில் வயிறு நிறைய வேறு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டார்களாம். கடைக்காரரான இனோவே தம்பதி ஒரு கிண்ணத்தில் சோற்றைப் போட்டு, மேலே கொத்துக்கறி வடைபோல் தட்டிய ஹாம்பர்கர் ஒன்றை வைத்து, கிரேவியை ஊற்றிக் கொடுத்தார்கள். விலை 25 சென்ட். பொரித்த முட்டை பின்னால் வந்து சேர்ந்தது. இன்றைக்கு முட்டை இல்லாத லோக்கோ மோக்கோவை யாரும் ஏற்கமாட்டார்கள். மஞ்சள் கருவை உடைத்துவிட்டு, அது கிரேவியில் கலக்கும்போது கரண்டியை உள்ளே விடுங்கள். மழை தூறும் ஹீலோ மதியத்தில் அதைவிட ஆறுதலான ஒன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கஃபே 100இல் கோழி, மீன், தொத்திறைச்சி என்று வகைவகையாக வைத்துச் செய்கிறார்கள். முதல் தடவை பழைய வகையையே வாங்குங்கள்.

கவாய் தீவுக்குத் தமிழர்கள் அதிகம் போகிறார்கள். வைலுவா ஆற்றங்கரையில் இருக்கும் கவாய் ஆதீனம் அதற்குக் காரணம். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளைக் குருவாகக் கொண்ட சிவாய சுப்பிரமுனியசுவாமி 1970இல் நிறுவியது. அங்கே கணபதி ஸ்தபதி வடிவமைத்த இறைவன் கோயிலின் கருங்கற்கள் பெங்களூருக்கு அருகே செதுக்கப்பட்டுக் கப்பலேறிப் போனவை. தரிசனம் முடிந்ததும் பெரும்பாலோர் நேரே விமான நிலையத்துக்குப் போய்விடுகிறார்கள். வழியில் லிஹுவே ஊரில் ஹமுரா சைமின் கடை இருக்கிறது. 1950களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. வளைந்து வளைந்து போகும் தாழ்வான மேடையைச் சுற்றி ஸ்டூல்கள். முன்பின் தெரியாதவரோடு முழங்கை இடிக்க உட்கார வேண்டும். சீன நூடுல்ஸ், ஜப்பானியக் குழம்பு, மேலே பன்றிக்கறித் துண்டு, இளஞ்சிவப்பு ஓரம் போட்ட மீன் கேக், வெங்காயத்தாள், அவித்த முட்டை. அதுதான் சைமின். தோட்டக் குடியிருப்புகளில் கலந்து உருவானது. 2006இல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை இந்தக் கடைக்கு அமெரிக்காவின் மரபுச் சின்னமாக விருது கொடுத்தது. விருதுக்குப் பிறகும் அதே ஸ்டூல்கள்தாம்.

ஸ்பாம் பற்றியும் ஒரு வார்த்தை. 1937இல் வந்த டின் இறைச்சி அது, போர்க்காலத்தில் படையினரோடு தீவுகளில் பரவியது. கெடாமல் இருக்கும், விலை குறைவு, சோற்றோடு நன்றாகப் போகும். ஹவாயில் ஆண்டுக்குச் சுமார் 70 லட்சம் டின் செலவாகிறது என்கிறார்கள். சோயாவும் சர்க்கரையும் தடவி வறுத்த துண்டைச் சோற்றுக் கட்டியின் மேல் வைத்துக் கடற்பாசித் தாளால் சுற்றினால் ஸ்பாம் முசுபி. பெட்ரோல் பங்கிலும் பெட்டிக்கடையிலும் சூடாகக் கிடைக்கும். டின் உணவு என்று முகம் சுளிக்காதீர்கள். இல்லாமையில் கையில் கிடைத்ததை ருசியாக்கிய கைகளுக்கு மரியாதை தர வேண்டும்.

இதுவரை நான் சொன்னதையெல்லாம் அங்கே லோக்கல் சாப்பாடு என்பார்கள். ஹவாய்ச் சாப்பாடு என்று அவர்கள் சொல்வது பூர்வகுடிகளின் உணவை. அதற்கு ஹொனலுலுவின் கலீஹி பகுதிக்குப் போக வேண்டும். 1946இல் ஹெலன் சாக் என்ற பெண்மணி தொடங்கிய ஹெலினாஸ் ஹவாயியன் ஃபுட் அங்கே இருக்கிறது. ஜேம்ஸ் பியர்ட் விருது 2000இலேயே அவரைத் தேடி வந்தது. அடுப்புக்கு மேலே வரிசையாகத் தொங்கும் விலாக் கறி அந்தச் சூட்டிலேயே உலரும். கேட்டதும் எடுத்துப் பொரித்துத் தருவார்கள். அதுதான் பிபிகாவ்லா. மண்ணடுப்பு முறையில் நார்நாராக வெந்த காலுவா பன்றி, தக்காளியும் வெங்காயமும் உப்பு மீனும் பிசைந்த லோமி சால்மன், இலையில் பொதிந்து அவித்த லாவ்லாவ் எல்லாம் சின்னச் சின்னக் கிண்ணங்களில் வரும்.

நடுவில் ஊதா நிறத்தில் கூழ்போல் ஒன்று வரும். போயி. சுற்றுலாப் பயணிகள் ஒரு விரல் நக்கிவிட்டு ஒதுக்கிவைக்கும் பண்டம் அது. தமிழ் வாசகர்கள் அப்படிச் செய்யக் கூடாது. அது நம் சேப்பங்கிழங்கேதான். அவித்து, இடித்து, நீர் விட்டுப் பிசைந்தது. லாவ்லாவின் உள்ளிலையும் சேப்ப இலைதான். சரியாக வேகாவிட்டால் தொண்டை அரிக்கும் என்பது நம் வீட்டுப் பாட்டிகளுக்கும் தெரியும், அவர்கள் வீட்டுப் பாட்டிகளுக்கும் தெரியும். போயியைத் தனியாகச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சப்பென்று இருக்கிறது என்று சொல்வது நியாயமில்லை. உப்பான கறி ஒரு வாய், போயி ஒரு வாய் என்று சாப்பிட வேண்டும். இரண்டு நாள் புளித்த போயி இன்னும் நன்றாக இருக்கும்.

ஹவாய் மக்களுக்கு அந்தக் கிழங்கு வெறும் பயிரில்லை. வானத் தந்தையான வாக்கேயாவுக்கு இறந்தே பிறந்த குழந்தையை மண்ணில் புதைத்த இடத்தில் முளைத்தது சேம்பு. பிறகு பிறந்த தம்பி மனிதன். அண்ணன் தம்பிக்குச் சோறு போடுகிறான், தம்பி அண்ணனைப் பராமரிக்கிறான். போயி மேசையில் இருக்கும்போது சண்டை பேசக் கூடாது என்பது பழைய குடும்பங்களின் வழக்கம்.

அந்த அண்ணனுக்குப் போன நீரைக் கரும்பு குடித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1870களிலிருந்து மவி தீவின் கிழக்கு ஓடைகளைக் கால்வாய் வெட்டித் தோட்டங்களுக்குத் திருப்பினார்கள். சேம்பு வயல்கள் காய்ந்தன, பயிரிட்ட குடும்பங்கள் ஊரை விட்டுப் போயின. பிளேட் லஞ்சைப் பெற்ற அதே தோட்டங்கள்தான் போயியை அபூர்வப் பொருளாக்கின. ஹவாயின் கடைசிச் சர்க்கரை ஆலை 2016 டிசம்பரில் மவியில் மூடப்பட்டது. 2018இல் மாநில நீர்வள ஆணையம் பல ஓடைகளில் நீரைத் திரும்ப விட ஆணையிட்டது. நீருக்காக நீண்ட காலம் வழக்காடியவர்கள் சேம்பு பயிரிடும் குடும்பங்கள். கவாயின் ஹனலேய் பள்ளத்தாக்குக்குப் போனால் மேட்டில் நின்று அந்தச் சேம்பு வயல்களைப் பாருங்கள். நீர் நிற்கும் பாத்திகள் நம் நெல்வயலை நினைவூட்டும். போயிக்கான கிழங்கின் பெரும்பங்கு அங்கேதான் விளைகிறது. கடையில் ஒரு கிண்ணம் போயி விலை கூடுதலாகத் தெரிந்தால் அந்த வயல்களை நினைத்துக்கொண்டு கொடுங்கள்.

இனிப்புக்கு லெனார்ட்ஸ் பேக்கரி. 1952இல் தொடங்கிய கடை, கபஹுலுவில் போர்ச்சுகீசிய மலசாடா போடுகிறார்கள். சர்க்கரையில் புரட்டிய சூடான உருண்டை. வாங்கிய இடத்திலேயே தின்ன வேண்டும். ஓவாஹுவின் வடகரையில் ஹலேஇவா ஊரில் மட்சுமோட்டோ கடையின் ஷேவ் ஐஸ். பனிபோல் சீவிய ஐஸ், மேலே பாகு.

சைவ வாசகர்கள் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். பிளேட் லஞ்ச் கடைகளில் உங்களுக்கு வாய்ப்பு குறைவுதான். மக்ரோனியில் முட்டை கலந்த மயோனைஸ் இருக்கும், சைமின் குழம்பு மீனோ இறாலோ சேர்ந்தது. ஆனால் போயி முழுச் சைவம். தேங்காய்ப்பாலில் செய்யும் ஹௌபியா முழுச் சைவம். ஷேவ் ஐஸும் அப்படியே. மலசாடாவில் முட்டை உண்டு. மற்றவர்களுக்கு ஒரு சொல்: ஒரு பிளேட் லஞ்ச் கரும்பு வெட்டியவர்களின் பசிக்கு அளந்தது. வயதானவர்கள் இருவர் ஒன்றைப் பகிர்ந்துகொண்டால் தாராளமாகப் போதும். சின்னக் கடைகள் சில மதியத்துக்குப் பின் தீர்ந்ததும் மூடிவிடும் என்பதால் பதினொன்றரைக்கே போய்விடுங்கள்.

உங்களிடம் நானும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. மலையகத்தில், மலேசியாவில், டர்பனில், மொரீஷியஸில் இருக்கும் வாசகர்களே, உங்கள் தாத்தா பாட்டி தோட்ட வேலைக்குப் போகும்போது தூக்கில் என்ன கொண்டுபோனார்கள்? ரொட்டியும் சம்பலுமா, பழைய சோறா, கருவாடா? பக்கத்து லயத்துக்காரரோடு எதை மாற்றிக்கொண்டார்கள்? அவற்றில் எது இன்னும் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிறது, எந்தக் கடையில்? நினைவில் இருப்பதை எழுதுங்கள். செய்முறை தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். வரும் கடிதங்களுக்கென்று அடுத்த இதழில் பக்கங்களை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்